டிஜாக்சின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா?

டிஜாக்சின், இதயச் செயலிழப்புக்கும் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் தரப்படும் மாத்திரை. குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் கம்மி. அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்கிறார்கள்.

படி 1: நாள்
மாத்திரை தொடங்கியோ அளவை மாற்றியோ ஒரு வாரமாவது ஆகட்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலே பாதி மருந்து வெளியேற ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கும். நஞ்சாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே பார்க்க வேண்டும்.

படி 2: மணி
பலரும் சறுக்குவது இங்கேதான். எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு லேப். மருந்து ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் இறங்க ஆறு மணி நேரமாவது வேண்டும். அதற்குள் எடுத்தால் அளவு எக்கச்சக்கமாகக் காட்டும், வீண் பயம்தான் மிச்சம். காலையில் மாத்திரை போடுபவர் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து போட்டால் போதும். கடைசியாகப் போட்ட நேரத்தை லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரம் தெரியாமல் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நம் ஊரில் வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் எழுதித் தரும் பழக்கமும் உண்டு. சனி, ஞாயிறு விட்டுத் திங்கள் காலை எடுத்தால் குறைவாகத்தான் வரும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 3: கூடவே பார்க்க வேண்டியவை
பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கியிருந்தால், டிஜாக்சின் அளவு சரியாக இருந்தும் நஞ்சின் வேலையைக் காட்டும்.

படி 4: ரிப்போர்ட்
இதயச் செயலிழப்புக்கு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை போதும். பல லேப் தாள்களில் 2 வரை நார்மல் என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். பசியின்மை, குமட்டல், குழப்பம், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது. இந்தக் கடைசி அறிகுறியை, இம்மருந்தின் மூலமான டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி 1785இல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங்கே குறித்திருக்கிறார். இதய மருந்துகளான அமியோடரோன், வெராபமில், கிருமிக்கொல்லியான கிளாரித்ரோமைசின் புதிதாகச் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம், இவை டிஜாக்சின் அளவை ஏற்றிவிடும். அறிகுறி தெரிந்தால் அடுத்த மாத்திரையைப் போடுமுன் டாக்டரைக் கூப்பிடுங்கள். நாடி மிக மெதுவாகிவிட்டாலோ மயக்கம் வந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. முறிமருந்து இருக்கிறது. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.