மீனாட்சிக்கு எத்தனை எழுத்து? படிவச் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனாட்சி என்ற பெயரில் எத்தனை எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் எட்டு. மீ, னா, சி மூன்றிலும் உள்ள உயிர்க்குறிகளையும் 'ட்'டின் புள்ளியையும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுகிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (சேமிப்பிட அலகு), ஆக 24. ஆரக்கிள் டேட்டாபேஸில் பெயருக்கான இடத்தின் நீளத்தை வெறுமனே வார்கேர்2(20) என்று போட்டிருந்தால், தனியாக மாற்றாதவரை அது 20 பைட்தான். படிவத்தின் 20 எழுத்து வரம்பைச் சுலபமாகத் தாண்டிவந்த மீனாட்சியை டேட்டாபேஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். திரையில் வருவதோ 'ஏதோ தவறு நிகழ்ந்தது'.

சரிபார்ப்பு என்றாலே தப்பானதைத் தடுப்பது என்றுதான் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, சரியானதைத் தடுப்பதுதான் அதிகம். பெயர்ப் பெட்டியில் ஏ முதல் இசட் வரை மட்டும் விடுபவர்கள் ஒரு ரகம். 'நாங்கள் யூனிகோடுக்கு மாறிவிட்டோம்' என்று எதை ஏற்பது என்று சொல்லும் விதியான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'எழுத்து' வகையை மட்டும் சேர்ப்பவர்கள் இன்னொரு ரகம். யூனிகோட் கணக்கில் நம் உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தே இல்லை. 'குறி' என்ற வேறு வகை. அதையும் சேர்த்தால்தான் தமிழ்ப் பெயர் உள்ளே வரும். கொம்போ காலோ புள்ளியோ இல்லாத பெயர் உங்களுக்கு எத்தனை தெரியும்?

அப்புறம் இனிஷியல். 'கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து' என்று படிவம் அடம்பிடித்தால், எஸ். முருகன் என்ன செய்வார்? 'எஸ்எஸ்' என்று போட்டுவிட்டுப் போவார். படிவம் பச்சை டிக் காட்டும், பதிவானது பொய். பெயருக்கு ஒரே பெட்டி, காலியாக இருக்கக் கூடாது, நீளத்துக்குத் தாராளமான உச்ச வரம்பு. இதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பின்கோடை 625 001 என்று இடைவெளி விட்டு எழுதுவது நம் வழக்கம். அதற்குச் சிவப்பு எழுத்தில் திட்டுவதைவிட, இடைவெளியை நீக்க ஒரு வரி எழுதிவிடலாம். தொலைபேசி எண்ணை எண்ணாகவே சேமிக்காதீர்கள். மதுரையின் 0452 வெறும் 452 ஆகிவிடும்.

டெஸ்க்டாப் பக்கம் வேறு மாதிரி தொல்லை. ஒரு கடைக்கு, டெஸ்க்டாப் படிவங்கள் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். போன் எண் பெட்டியை விட்டு நகரும்போது ஓடும் வேலிடேட்டிங் நிகழ்வில், பத்து இலக்கம் இல்லையென்றால் கேன்சல், அதாவது நகர விடாதே என்று போட்டிருந்தேன். வாடிக்கையாளர் 'நம்பர் எல்லாம் தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். கர்சர் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை, ரத்து பட்டனையும் அமுக்க முடியவில்லை. கல்லாவில் இருந்த அண்ணன் கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார். ரத்து பட்டனுக்கு, அதற்குப் போகும்போது சரிபார்ப்பு நடக்க வேண்டுமா என்று சொல்லும் காஸஸ்வேலிடேஷனை ஃபால்ஸ் (வேண்டாம்) ஆக்கியிருந்தால் அவர் வெளியே வந்திருப்பார். உண்மையில், அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கியதே என் தப்பு.

அதே படிவத்தில், எண் தவிர வேறு எதையும் தட்ட முடியாதபடி, விசையைத் தட்டும்போது ஓடும் கீபிரஸ் நிகழ்வில் தடுத்துவிட்டதாக நிம்மதியாக இருந்தேன். மவுஸின் வலது பட்டனை அமுக்கி பேஸ்ட் செய்தால் அந்தத் தடுப்பைக் கேட்காமலேயே எழுத்துகள் உள்ளே வந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. தட்டும்போது தடுப்பது ஒரு வசதி, அவ்வளவுதான். சேமிக்கும் முன் மறுபடி பார்க்க வேண்டும்.

வெப்பில் இது இன்னும் கறாரான விதி. பிரவுசரில் ஓடும் சரிபார்ப்பைப் பயனர் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நீக்கிவிடலாம். படிவத்தையே தொடாமல் நேரடியாக சர்வருக்கும் அனுப்பலாம். பொருளின் விலையை மறைவான பெட்டியில் வைத்து, திரும்பி வந்த தொகையை அப்படியே நம்பும் கடைத் தளத்தில் 5,000 ரூபாய்ப் பொருளை 5 ரூபாய்க்கு வாங்க ஹேக்கர் தேவையில்லை. விலையை சர்வர் தன் டேட்டாபேஸிலிருந்தே எடுக்கட்டும். பெட்டியில் தட்டியதே டேட்டாபேஸ் கட்டளையாக ஓடிவிடும் எஸ்கியூஎல் ஊடுருவலுக்குப் பயந்து ஒற்றை மேற்கோள் குறியைத் தடை செய்வதும் வேண்டாத வேலை. ஓ'பிரையன் என்ற பெயர்க்காரர் வெளியே நிற்பார். குவெரியில், அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளையில், மதிப்பை ஒட்டி எழுதாமல் தனியே பாராமீட்டராக அனுப்புங்கள், அவர் தாராளமாக உள்ளே வரலாம்.