சர்ச்சில் மீண்டும் பிரதமரான கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டாம் உலகப்போரில் வழிநடத்திய சர்ச்சிலை 1945-ல் நன்றி மறந்து தோற்கடித்த பிரிட்டிஷ் மக்கள், 1951-ல் தவறை உணர்ந்து திரும்ப அழைத்தார்கள்." பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். வாக்குக் கணக்கு வேறு கதை சொல்கிறது.

1951 அக்டோபர் தேர்தலில் அதிக வாக்கு வாங்கியது அப்போதைய பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி: சுமார் 1 கோடியே 39 லட்சம். சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் அணிக்குக் கிடைத்தது சுமார் 1 கோடியே 37 லட்சம். இடங்களோ 321-க்கு 295 என்று சர்ச்சில் பக்கம். தொழிற்கட்சி தன் கோட்டைகளில் வாக்குகளை மலைபோல் குவித்தது. அதனால் கூடுதல் இடம் வந்துவிடவில்லை. அப்புறம் லிபரல் கட்சி. 1950-ல் 475 பேரை நிறுத்தியவர்கள் இந்த முறை 109 பேரைத்தான் நிறுத்தினார்கள். நிற்க ஆளில்லாத தொகுதிகளில் லிபரல் வாக்குகள் கன்சர்வேட்டிவ்களுக்கே அதிகம் போயின. இதை விட்டுவிட்டு 1951 பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

'நன்றி மறந்தார்கள்' என்பதும் அநியாயமான பேச்சு. 1930-களின் வேலையின்மையைப் பார்த்தவர்கள் 1945-ல் வீடு, வேலை, மருத்துவம் கேட்டு வாக்களித்தார்கள். அந்த நேரத்தில் சர்ச்சில் வானொலியில், சோசலிச அரசு வந்தால் அதற்கு ஏதோ ஒரு வகை கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியப் போலீஸ்) தேவைப்படும் என்றார். அவர் குறிவைத்தது யாரை? போர்க்காலம் முழுக்க அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த அட்லியின் கட்சியை.

1940-ல் அவர் தேர்தலில் வென்று பிரதமரானார் என்பதும் தவறு. அப்போதைய பிரதமர் சேம்பர்லின் விலகியதால் வந்த பதவி அது. அவர் தலைமையில் கட்சி வென்ற முதல் பொதுத்தேர்தலே 1951-தான்.

1951-ல் வந்ததும், தொழில்களை அரசுடைமையாக்கியது உட்பட அட்லி செய்ததையெல்லாம் கலைத்தார் என்பார்கள். இரும்பு எஃகும் லாரிப் போக்குவரத்தும்தான் தனியாருக்குத் திரும்பின. நிலக்கரி, ரயில்வே, தேசிய மருத்துவ சேவை எல்லாம் அப்படியே நின்றன. ஆண்டுக்கு 3 லட்சம் வீடு என்ற வாக்குறுதியை வீட்டுவசதி அமைச்சர் மேக்மில்லன் 1953-ல் நிறைவேற்றினார். இறைச்சி ரேஷன் 1954 ஜூலையில் முடிந்தது.

கடைசித் தவறு, அவருடைய உடல்நிலையை ஒரு வரியில் தாண்டிப் போவது. 1953 ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த இடத்தில் இருந்த வெளியுறவு அமைச்சர் ஈடன் அமெரிக்காவில் அறுவை சிகிச்சையில் இருந்தார். பத்திரிகை முதலாளிகளான நண்பர்கள் செய்தியை வெளிவிடவில்லை; ஓய்வு தேவை என்று மட்டும் அறிவிக்கப்பட்டது. தங்களை ஆள்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது ஒரு நாட்டுக்கே தெரியாமல் இருந்தது. இதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதவி விலகுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1955 மார்ச்சில்தான், அவரே நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார்.