இணையம் மந்தமாகும்போது: கண்காணிப்புக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகார் தொடர்ந்து வரத் தொடங்கியதும், பொறுப்பில் இருப்பவர் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: கண்காணிப்புக் கருவிகளின் பட்டியலைத் தேடி, தெரிந்தவர்களிடம் விசாரித்து, பார்வைக்கு நிறைவான டாஷ்போர்டு கொண்ட ஒன்றை நிறுவிவிடுவது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், புகாரோ அப்படியே இருக்கும். ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ், பிஆர்டிஜி போன்றவை நல்ல கருவிகளே. ஆனால் எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளப்பது என்ற மூன்றையும் தீர்மானிக்காமல் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு சிறந்த கருவியும் மந்தத்தின் காரணத்தைக் காட்டித் தராது.

மந்தம் என்பதை ஒரே கோளாறாகக் கருதுவதுதான் தவறுகளின் தொடக்கம். இணைப்பின் கொள்ளளவு (பேண்ட்வித்) நிரம்பியிருக்கலாம்; கொள்ளளவு மீதமிருந்தும் பாக்கெட்டுகள் (தரவு அனுப்பப்படும் சிறு துண்டுகள்) போய்வர அதிக நேரம் பிடிக்கலாம்; அவை வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்படலாம்; தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் பதில் தரத் தாமதிக்கலாம்; நெட்வொர்க்கில் எந்தக் குறையும் இல்லாமல் எதிர்முனைச் சர்வரே திணறிக்கொண்டிருக்கலாம். பேண்ட்வித் பயன்பாட்டை வரையும் கருவி இவற்றில் முதலாவதை மட்டுமே காட்டும். எனவே எதையும் நிறுவும் முன், புகார் வந்த கணினியிலேயே இணைய முகவரியிலிருந்து தரவைப் பெறும் கர்ல் கட்டளையை நேர விவரங்களைத் தரும் தெரிவுடன் இயக்கிப் பார்ப்பது நல்லது. பெயர் தேடல் முடிந்த நேரம், சர்வரோடு டிசிபி இணைப்பு ஏற்பட்ட நேரம், மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் ஏற்பாடு முடிந்த நேரம், முதல் பைட் வந்த நேரம் ஆகியவற்றை அது தனித்தனியாகத் தரும். இவை ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுபவை என்பதால், முந்தையதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். 2.10, 2.14, 2.20, 2.31 வினாடி என்று வந்தால் தாமதம் ஏறக்குறைய முழுவதும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. 0.02, 0.06, 0.12, 3.40 என்று வந்தால் சர்வரைக் கவனிப்பவரிடம்தான் பேச வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலை, எந்த வகைக் கருவி தேவை என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது சராசரி. 1995-இல் டோபியாஸ் ஓடிகர் உருவாக்கிய எம்ஆர்டிஜி என்ற வரைபடக் கருவியின் காலத்திலிருந்து, சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாக, கடந்துபோன பைட்டுகளைக் கணக்கிடும் ரவுட்டரின் எண்ணிகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து வரைபடம் வரைவது வழக்கமாகிவிட்டது. அடுத்த ஆண்டு எவ்வளவு கொள்ளளவு வாங்குவது என்று திட்டமிட இந்த இடைவெளி போதும். மந்தத்தைக் கண்டறியப் போதாது. 100 மெகாபிட் இணைப்பு ஒன்றில் வழக்கமான பயன்பாடு 15 மெகாபிட் என்றும், ஒரு கணினியின் பேக்கப் 20 வினாடிக்கு இணைப்பை முழுமையாக அடைத்துக்கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 20 வினாடியில் வீடியோ அழைப்பில் இருக்கும் எல்லோருக்கும் குரல் அறுபடும், படம் உறையும். ஆனால் 300 வினாடிக்கான சராசரி 21 மெகாபிட்டுக்கும் குறைவு. வரைபடத்தில் அது ஒரு சிறு மேடு. இரண்டு வாரம் கழித்துத் தேடினால் அந்த மேடும் இருக்காது, ஏனெனில் எம்ஆர்டிஜி மாத வரைபடத்தை 2 மணி நேரச் சராசரியாகவும் ஆண்டு வரைபடத்தை ஒரு நாள் சராசரியாகவும் சுருக்கிவிடுகிறது. ஆகவே முக்கியமான சில போர்ட்டுகளை மட்டுமாவது 10 வினாடிக்கு ஒருமுறை படிக்க முடியுமா, பழைய தரவைச் சுருக்கும்போது உச்ச மதிப்பையும் சேர்த்து வைக்கிறதா என்ற இரண்டையும் கருவியை மதிப்பிடும்போதே கேட்டுவிட வேண்டும். ஜாபிக்ஸ் தன் மணிநேரத் தொகுப்பில் குறைந்த மதிப்பு, சராசரி, உச்சம் மூன்றையும் வைத்திருக்கிறது. சென்ற மாதப் புகாரை ஆராய வேண்டிய நாளில் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். இடைவெளியை ஒரு வினாடிக்குக் குறைப்பதும் பயன் தராது, சில சாதனங்கள் தம் எண்ணிகளையே சில வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கின்றன.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் 32 பிட் எண்ணிகள். அவை ஏறத்தாழ 4.29 ஜிகாபைட்டை எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். முழுச் சுமையில் இயங்கும் 1 ஜிகாபிட் போர்ட்டில் இது 34 வினாடிக்கு ஒருமுறை நிகழும். 5 நிமிட இடைவெளியில் அதைப் படிக்கும் கருவி உண்மையைவிட மிகக் குறைந்த பயன்பாட்டைக் காட்டும். 64 பிட் எண்ணிகள் பயன்படுத்தப்படுகின்றனவா என்று பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஸ்பீட்டெஸ்ட் முடிவையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் பரவலான தவறு. ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் அருகிலுள்ள சர்வர் ஒன்றை, பல நேரங்களில் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளேயே இருப்பதை, தேர்ந்தெடுத்து, பல இணைப்புகளை ஒரே சமயத்தில் திறந்து அளக்கிறது. வாங்கிய கொள்ளளவு கிடைக்கிறதா என்று அறிய அது பொருத்தமான முறை. தொலைவில் உள்ள சர்வரிலிருந்து ஒற்றை இணைப்பில் கோப்பு இறக்குபவரின் அனுபவம் அதில் பிடிபடாது. போய்வரும் நேரம் 200 மில்லிவினாடியாகவும் டிசிபி சாளரம் (ஒப்புதல் வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவு) 64 கிலோபைட்டாகவும் இருந்தால், இணைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இறக்கம் 2.6 மெகாபிட் அளவிலேயே நின்றுவிடும். சாளரத்தைப் பெரிதாக்கும் ஏற்பாடு 1992-லேயே தரமாக வகுக்கப்பட்டுவிட்டது என்றாலும், பழைய மென்பொருளோ இடையில் உள்ள ஃபயர்வாலோ அதைக் கெடுப்பதுண்டு. மறுமுனையில் ஒரு சர்வர் கைவசம் இருந்தால், இரு முனைகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஒரே இணைப்பில் ஒருமுறையும் எட்டு இணைப்புகளில் ஒருமுறையும் ஓட்டி ஒப்பிடுங்கள். முதலாவது மட்டும் மந்தமாக இருந்தால் பெரிய பிளானுக்கு மாறுவது வீண் செலவு.

சும்மா இருக்கும் இணைப்பில் தாமதத்தை அளந்து திருப்தி அடைவதும் இதே வகையைச் சேர்ந்தது. பல ரவுட்டர்களும் மோடங்களும் பாக்கெட்டுகளைக் கைவிடாமல் நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கின்றன. ஒருவர் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியதும், காலையில் 8 மில்லிவினாடியாக இருந்த பிங் (ஒரு சோதனைப் பாக்கெட் போய்வரும் நேரம்) 400-ஐத் தொடக்கூடும். ஜிம் கெட்டிஸ் போன்றோர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எடுத்துக்காட்டிய இந்தக் கோளாறு பஃபர்புளோட் எனப்படுகிறது. பேண்ட்வித் வரைபடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது, இழப்புக் கணக்கும் சொல்லாது. ஏற்றமும் இறக்கமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாமதத்தை அளக்கும் ஃப்லென்ட் போன்ற கருவியோ, இரவும் பகலும் தொடர்ந்து தாமதத்தைப் பதியும் ஸ்மோக்பிங்கோதான் இதைப் பிடிக்கும். தீர்வும் பெரும்பாலும் செலவில்லாதது: 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான எஃப்கியூ-கோடல் வரிசை முறையை ரவுட்டரில் இயக்கி, வேகத்தை வாங்கிய கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தினால் அழைப்புகள் சீராகும்.

கருவியைச் சர்வர் அறையில் கேபிளில் இணைத்துவிட்டு, வைஃபையில் இருப்பவர்களின் மந்தத்தைத் தேடுவது பலன் தராது. புகார் சொன்னவரின் மடிக்கணினியிலிருந்து உள்ளூர் ரவுட்டருக்கே பிங் அனுப்பிப் பாருங்கள். அந்த ஒரு தாவலிலேயே (ஹாப், அதாவது ஒரு சாதனத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் கட்டம்) 2 மில்லிவினாடியும் 180 மில்லிவினாடியும் மாறிமாறி வந்தால், சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதிக்கொண்டிருக்கலாம். அங்கே தேவைப்படுவது சேனல் நெரிசலையும் மறுஅனுப்பல் விகிதத்தையும் காட்டும் வைஃபை கருவி.

கருவியைச் சரியாகத் தேர்ந்து, அதைத் தவறாகப் படிப்பதும் உண்டு. பாதையில் உள்ள ஒவ்வொரு ரவுட்டர் வரையிலான தாமதத்தையும் இழப்பையும் காட்டும் எம்டிஆர் விஷயத்தில் இது அன்றாடம் நடக்கிறது. மூன்றாவது ஹாப்பில் 40 விழுக்காடு இழப்பு, நான்காவது முதல் கடைசி வரை 0 என்று வரும் அறிக்கையை எடுத்துக்கொண்டு, மூன்றாவது ரவுட்டர் பழுது என்று சண்டைக்குப் போகிறார்கள். அந்த ரவுட்டர் தனக்கு வரும் சோதனைப் பாக்கெட்டுகளுக்குப் பதில் சொல்வதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது, கடந்து செல்லும் போக்குவரத்தை அது தொடவே இல்லை. இழப்பு ஒரு ஹாப்பில் தொடங்கிக் கடைசி வரை நீடித்தால்தான் அது உண்மையான இழப்பு. அப்போதும் பதில்கள் வேறு பாதையில் திரும்பியிருக்கலாம் என்பதால், முடிந்தால் மறுமுனையிலிருந்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புகார் வந்ததும், பாக்கெட்டுகளைப் பதிந்து ஒவ்வொன்றாகக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறப்பவர்களும் உண்டு. அது அருமையான கருவி. ஆனால் முழுச் சுமையில் உள்ள 100 மெகாபிட் இணைப்பைப் பதிந்தால் ஒரு மணி நேரத்தில் 45 ஜிகாபைட் சேரும், உள்ளடக்கமும் பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். எந்த இரு கணினிகளுக்கு இடையே எந்த நேரத்தில் சிக்கல் என்று தெரிந்த பிறகு அதைக் கையில் எடுத்தால், மறுஅனுப்பல்களையும் பெறுபவர் தன் சாளரத்தைச் சுழியமாக்குவதையும் அது துல்லியமாகக் காட்டும். இணைப்பை அடைத்துக்கொண்டிருப்பவர் யார் என்பதுதான் கேள்வி என்றால், எந்தக் கணினி எதனோடு எவ்வளவு தரவு பரிமாறியது என்ற கணக்கை ரவுட்டரிலிருந்து தரும் நெட்ஃபுளோ போதும். சிஸ்கோ ரவுட்டர்களில் நீண்ட இணைப்புகளின் கணக்கு, இயல்பமைப்பில், 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வெளியே அனுப்பப்படும். அதை ஒரு நிமிடமாகக் குறைக்காவிட்டால் 11 மணிக்குத் தொடங்கிய பேக்கப் 11.30-க்குத்தான் தெரியவரும்.

விலையைப் பார்க்கும்போது எதை எண்ணிக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். சென்சார் கணக்கில் (கவனிக்கும் ஒவ்வோர் அளவீடும் ஒரு சென்சார்) உரிமம் தரும் கருவியில், ஒரு 48 போர்ட் சுவிட்சின் போக்குவரத்தைக் கவனிக்கவே 48 சென்சார் செலவாகும்.

பாதுகாப்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்தானது. நெட்வொர்க் முழுவதும் நுழையும் உரிமை பெற்ற கருவி இது. 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், அந்த மென்பொருள் நிறுவனத்தின் ஓரியன் கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட் வழியாகவே தீய நிரல் நுழைந்தது. அந்த அப்டேட் ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் வரை சென்றிருக்கலாம் என்று நிறுவனமே தெரிவித்தது. கருவிக்குப் படிக்கும் உரிமை மட்டும் தருவதும், பப்ளிக் என்ற பழைய கடவுச்சொல்லோடு எஸ்என்எம்பி 2-ஐ விட்டுவைக்காமல் மறையாக்கம் உள்ள எஸ்என்எம்பி 3-க்கு மாறுவதும் குறைந்தபட்சத் தேவைகள்.

இவை அனைத்தையும் புகார் வந்த பிறகு தொடங்கினால் ஒப்பிட எதுவும் இருக்காது. நல்ல நாளின் தாமதம் எவ்வளவு என்று பதிவாகியிருந்தால்தான் கெட்ட நாளை அடையாளம் காண முடியும். ஆகவே குறைந்தது உள்ளூர் ரவுட்டர், சேவை நிறுவனத்தின் முதல் ஹாப், அன்றாடம் பயன்படும் வெளிச் சர்வர் ஒன்று ஆகிய மூன்றுக்கும் ஸ்மோக்பிங்கை இப்போதே ஓடவிடுங்கள். சேவை நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது, கேபிளில் இணைத்து அளந்தது என்ற குறிப்பு, மந்தம் தொடங்கிய மணி நிமிடம், அந்த நேரத்து எம்டிஆர் அறிக்கை, அதே பாதையின் நல்ல நாள் அறிக்கை ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள்.