"அடம்" என்று எழுதாதீர்கள்: இல்லம் நடத்தத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கொடுங்கையூரில் புதிதாக ஓர் இல்லத்தைத் தொடங்கியிருக்கும் தம்பதியைப் பார்க்கப் போயிருந்தேன். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள எட்டு ஆண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள், எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். வீடு துப்புரவாக இருந்தது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, சமையலறையில் தீயணைப்பான், சுவரில் பதிவுச் சான்றிதழ். கிளம்பும் நேரத்தில் இரவுப் பதிவேட்டைப் புரட்டினேன். "இரவு முழுவதும் அடம். மாத்திரை கொடுத்தோம். அடங்கினார்." மூன்று நாளாக அதே ஆளைப் பற்றி அதே வரி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு திருவொற்றியூரில் எங்கள் இல்லத்தைத் தொடங்கியபோது நான் என் கையால் எழுதிய வரி அது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பதிவு, கணக்கு, சுத்தம், கேமரா இவற்றையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

அடம் என்ற சொல்

எங்கள் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். சிறியவர் பெரியவர் எல்லோரும் அவரை மாமா என்றுதான் அழைப்போம். ஆட்டிசம் உள்ளவர், பேச்சு கிடையாது. தனக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருப்பார், அதில் ஊற்றினால்தான் தண்ணீர் குடிப்பார். மற்றபடி யாருக்கும் தொந்தரவு தராத மனிதர். அவருக்கு முப்பத்தெட்டு வயதாக இருந்தபோது, ஒரு கார்த்திகை மாதத்தில், திடீரென்று சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிய ஆரம்பித்தார். தன் தாடையிலேயே முஷ்டியால் குத்திக்கொண்டார். இரவில் தூக்கமில்லை. தடுக்கப் போன ஊழியரின் கையைக் கடித்துவிட்டார்.

நான் பதிவேட்டில் "அடம்" என்று எழுதினேன், பிறகு "ஆக்ரோஷம்" என்று எழுதினேன். அந்தச் சொற்களையே மனநல மருத்துவரிடமும் கொண்டுபோனேன். நான் சொன்னதை வைத்துத்தானே அவர் முடிவெடுக்க முடியும்? மாத்திரையின் அளவைக் கூட்டினார். மாமா பகலிலும் தூங்கத் தொடங்கினார். வீடு அமைதியானது. நானும் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இருபத்துமூன்று நாள் இப்படியே போயிற்று. காசிமேட்டிலிருந்து சமையல் உதவிக்கு வரும் அம்மா ஒரு மாலை என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: மாமா முறுக்கைத் தொடுவதே இல்லை, பாலில் ஊறிய இடியாப்பத்தை மட்டும் தின்கிறார், தண்ணீர் குடிக்கும்போது தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொள்கிறார். மறுநாள் பல் மருத்துவரிடம் போனோம். வாயைத் திறந்து பார்க்கவே மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டி ஈறு முழுவதும் வீங்கியிருந்தது. இரண்டு பற்களை எடுத்தார்கள். அதற்குள் ஐந்து கிலோ இளைத்திருந்தார். கூட்டிய மாத்திரையோடு வந்த மலச்சிக்கல் தீர இன்னும் ஒரு மாதம் ஆனது. தாடையில் எந்தப் பக்கம் குத்திக்கொண்டார் என்று அந்த இருபத்துமூன்று நாளில் நான் ஒரு நாள்கூட எழுதவில்லை. இடது பக்கம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் யாராவது வாயைப் பார்த்திருப்பார்கள்.

வேறொரு நோயின் அறிகுறியையும் அறிவுசார் குறைபாட்டின் கணக்கிலேயே சேர்த்துவிடும் இந்தப் பழக்கத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் 1982-லேயே "டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்" (diagnostic overshadowing) என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் மனநலப் பிரச்சினைகளைப் பற்றிச் சொன்னார்கள். உடல் நோய்க்கும் அது அப்படியே பொருந்தும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இல்லங்களின் பதிவேடுகளில் "அடம்" ஓயவில்லை.

பேச முடியாத ஒருவரின் நடத்தை மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, வயிறு, சிறுநீர், தோல், பாதம்; பெண்களுக்கு மாதவிடாய் நாள். அண்மையில் எந்த மருந்து மாறியது என்று பாருங்கள். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நம் இல்லங்களில் இருப்பவர்களில் பலர் வலிப்புக்கும் மனநலத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், நடமாட்டம் குறைவு, கேட்டுத் தண்ணீர் குடிக்கத் தெரியாது. குடல் அடைத்துக்கொண்டு உயிரே போகக்கூடும். ஒவ்வொருவருக்கும் மலம் கழித்த நாளைக் குறிக்க ஒரு கட்டம் போடுங்கள். மூன்று நாள் காலியாக இருந்தால் மருத்துவரை அழையுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு சாதாரணமாக வரும், ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். நாற்பதைத் தாண்டியதும் மறதிநோயும் அவர்களுக்குச் சீக்கிரமே தொடங்கலாம். குளியலறைக்கு வழி தெரியாமல் நிற்கும் ஒருவரைச் சோம்பேறி என்று எழுதிவைத்திருந்த பதிவேட்டையும் பார்த்திருக்கிறேன்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் சாலையைத் தோண்டியபோது கன்டெய்னர் லாரிகள் எல்லாம் வீட்டை ஒட்டித் திரும்பின. அந்த ஒரு வாரம் முழுவதும் ஓர் இளைஞர் காதைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்கும் மாத்திரை தேவைப்படவில்லை, படுக்கையைப் பின் அறைக்கு மாற்றினோம்.

எங்கள் பதிவேட்டில் இப்போது அடம், ஆக்ரோஷம், சேட்டை, நாடகம் என்ற நான்கு சொற்களும் தடை. மணி என்ன, எங்கே இருந்தார், அதற்கு முன் என்ன நடந்தது, கை எங்கே போனது, எப்போது ஓய்ந்தது. இவ்வளவுதான் எழுத வேண்டும். கொடுங்கையூர் இல்லத்தில் இரவுப் பணியில் இருந்த பெண்ணிடம், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும்மா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்தினார், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மலம் போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடத்துபவர்கள் "அடம்" என்று சொன்னதால் அவளும் "அடம்" என்று எழுதினாள்.

"குழந்தைகள்"

ஐம்பது வயதுக்காரரை அப்படி அழைக்காதீர்கள்.

சங்கிலியும் வெளிப்பூட்டும்

கூடாது. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

பிறந்தநாள் பிரியாணி

பிறந்தநாளைக் கொண்டாடச் சாப்பாட்டோடு வருபவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள பலருக்கு மென்று விழுங்குவதே கடினம். பாசத்தோடு ஒருவர் ஊட்டிய கோழித்துண்டு தொண்டையில் சிக்கி, எங்கள் இல்லத்தில் ஒருவருக்கு முகம் நீலமாகிவிட்டது. முதுகில் தட்டி வெளியே எடுத்தோம். அன்றிலிருந்து யார் சாப்பாடு கொண்டுவந்தாலும் ஊட்டுவது எங்கள் ஊழியர்கள் மட்டும். புகைப்படமும் கிடையாது. சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

பெற்றோரின் கையெழுத்து

பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பதினெட்டு வயது முடிந்த பிறகு தாயோ தந்தையோ தானாகவே சட்டப்படி பாதுகாவலராக ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் உயிரோடு, நடமாட்டத்தோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வையுங்கள். அவர்களுக்குப் பிறகு யார் என்பதையும் அப்போதே பேசுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மகளைக் கொண்டுவந்து சேர்த்த எழுபத்தாறு வயது அப்பா, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒன்பது மாதம் தள்ளிப் போட்டார். அவர் இறந்த பிறகு, அந்தப் பெண்ணின் பெயரில் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து மருந்துச் செலவுக்குக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சேர்த்துவிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

சொத்தை எழுதி வாங்குவது

எவ்வளவு கெஞ்சிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பகலில் மட்டும் பயிற்சி செய்வது

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் இல்லம் நடத்துபவர் இந்த இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். வாசலருகே ஒரு பை: ஏழு நாளுக்கான வலிப்பு மாத்திரைகள், மருந்துச் சீட்டுகளின் நகல், ஒவ்வொருவருக்கும் கழுத்தில் மாட்ட பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை.

எல்லோரையும் வெளியேற்றும் பயிற்சியை இரவில் செய்யுங்கள். இரவுப் பணியில் இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பேரை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எங்களுக்கு முதல் தடவை பதினான்கு பேரைத் தெருவுக்குக் கொண்டுவர 26 நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் மாமா தன் டம்ளரைத் தேடியதில் போனது. அதே மாதிரி இன்னொரு டம்ளர் வாங்கி அந்தப் பையில் போட்டுப் பார்த்தோம், அவர் ஏற்கவில்லை. இப்போது இரவு கடைசித் தண்ணீர் குடித்ததும் அவரே டம்ளரைக் கழுவி, துடைத்து, வாசல் பைக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார். போன முறை 11 நிமிடத்தில் எல்லோரும் தெருவில் இருந்தோம்.