இரண்டு மைக், 11 மில்லிமீட்டர்: காது மிஷினுக்கான திசை மைக்கை வீட்டிலேயே செய்து பார்ப்பது எப்படி

அப்பா காது மிஷின் போட்டு ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்குள் பேசினால் நன்றாகக் கேட்கிறது. கல்யாண மண்டபத்தில் மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து மோதுதுப்பா" என்பார். எதிரில் இருப்பவரின் பேச்சைத் தனியாக எடுத்துக் கொடுக்கத்தான் அதில் இரண்டு மைக் வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஏன் இந்தத் திணறல் என்று தெரிந்துகொள்ளவே நான் இதைச் செய்தேன். மைக் வடிவமைப்பில் இறங்க நினைக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

சென்னை ரிச்சி தெருவில் 6 மி.மீ. விட்டமுள்ள எலெக்ட்ரெட் கேப்சூல் (பொத்தான் போன்ற குட்டி மைக்) பத்து வாங்குங்கள். இரண்டு போதாது; காரணம் பின்னால் வரும். 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய அதே வகை இது. உள்ளே இருக்கும் மெல்லிய படலம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூடு பட்டால் அது கசிந்துவிடும். அதனால் சால்டரிங் முனையை இரண்டு வினாடிக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இரண்டுக்கும் சேர்த்து 3 வோல்ட் பேட்டரி. பதிவு செய்ய, 96 கிலோஹெர்ட்ஸில் ஓடும், அதாவது வினாடிக்கு 96,000 முறை ஒலியை அளக்கும், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்.

இரண்டு கேப்சூலையும் ஒன்றன்பின் ஒன்றாக, மையத்துக்கு மையம் 11 மி.மீ. இருக்கும்படி ஒரு தெர்மாகோல் துண்டில் பதியுங்கள். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 96 கிலோஹெர்ட்ஸில் 3 சாம்பிள் என்பது 31 மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் 10.9 மி.மீ. ஆக, பின் மைக்கின் டிராக்கைச் சரியாக 3 சாம்பிள் தாமதப்படுத்தி, இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி), முன் மைக்கோடு சேர்த்தால், அதாவது கழித்தால், பின்னாலிருந்து வரும் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளே இதற்குப் போதும்.

அறைக்குள் அளக்காதீர்கள். முதல் வாரம் நான் அப்படித்தான் அளந்தேன். பின்னாலிருந்து வந்த ஒலி சுவரில் பட்டு முன்பக்கமாகவும் நுழைந்ததால் ஒன்றும் அழியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு, காற்று அடங்கிய நேரத்தில், மொட்டை மாடியில் உயரமான ஸ்டூல் மேல் வைத்து அளந்த பிறகுதான் உருப்படியான எண்கள் கிடைத்தன.

இப்போது முக்கியமான இடம். ஸ்பீக்கரைப் பக்கவாட்டில், இரண்டு மைக்குக்கும் சம தூரத்தில் வைத்து 250 ஹெர்ட்ஸ் ஒலியை விடுங்கள். இரண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இருக்காது. என்னுடைய பத்தில் ஒன்றுக்கொன்று 2 டெசிபெல் வரை வித்தியாசம் இருந்தது. மிக நெருக்கமான ஜோடியைப் பொறுக்கி, மீதியைக் கெயினில் (டிராக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைத்து) சரிசெய்யுங்கள். அரை டெசிபெல்தானே என்று விட்டுவிடக் கூடாது. 250 ஹெர்ட்ஸில் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான் இருப்பதால், முன்னாலிருந்து வரும் ஒலியே கழித்த பிறகு பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அரை டெசிபெல் என்பது 6 சதவீதம். பின்னால் அழிய வேண்டிய ஒலி அந்த 6 சதவீதமாக அப்படியே நின்றால் முன்னுக்கும் பின்னுக்கும் 4 டெசிபெல்தான் வித்தியாசம். 0.1 டெசிபெலுக்குக் கொண்டு வந்தால் அதுவே 18 டெசிபெல் ஆகிறது. காது மிஷினில் வியர்வையும் பவுடரும் ஒரு மைக்கின் துளையை மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது வாரம் ஒரு முறை அப்பாவின் மிஷினை, துளைகள் கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன். துளைக்குள் ஊசி விட்டுக் குத்துவதில்லை.

அடுத்து இரைச்சல். குறைந்துபோன அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பழைய அளவுக்குத் தூக்கினால் மைக்கின் சொந்த இரைச்சலும் 20 டெசிபெல் கூடும். இரண்டு மைக் என்பதால் இன்னொரு 3. வெளிச்சத்தம் புகாமல் இதை மட்டும் கேட்க, தெர்மாகோல் துண்டை அப்படியே ரப்பர் பேண்டில் கட்டி பிரஷர் குக்கருக்குள் தொங்க விடுங்கள். வெயிட் போடும் துளை வழியாக மெல்லிய ஒயரை இழுத்து, சுற்றிக் களிமண் வைத்து அடையுங்கள். போர்வை சுற்றி, இரவில் பதிவு செய்து, முன்போலவே கழித்து, ஒலி அளவைத் தூக்கிக் கேளுங்கள். கடகடவென்று ஓர் அடித்தொனி ஓடும். மைக்கை இன்னும் சின்னதாக்குவது மட்டும் முன்னேற்றம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். படலம் சிறுத்தால் இந்த இரைச்சல் கூடவே செய்யும்.

இதற்கு வேறு வழி ஓர் ஈயிடம் இருக்கிறது. ஆர்மியா ஆக்ரேசியா என்ற ஈயின் இரண்டு செவிப்பறைகளுக்கும் இடையே அரை மி.மீ.தான் தூரம். ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 1.5 மைக்ரோவினாடி. ஆனாலும் சுவர்க்கோழி (கிரிக்கெட் பூச்சி) எங்கே கத்துகிறது என்று சரியாகக் கண்டுபிடித்துப் போய் உட்காரும். இரு செவிப்பறைகளும் ஒரு பாலத்தால் இணைந்து பூங்காவிலுள்ள சீ-சா பலகை போல ஆடுவதுதான் காரணம் என்று ரான் மைல்ஸ், டேனியல் ராபர்ட், ரான் ஹோய் ஆகியோர் 1995-இல் காட்டினார்கள். அதன்பின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் அதே போல ஆடும் சிலிக்கான் படலங்களைச் செய்தார். இரண்டு மைக்கைக் கழிப்பதற்குப் பதிலாக ஒரே படலம் அழுத்த வித்தியாசத்துக்கு அசைகிறது. அசைவை ஒளியால் படித்தால், அசைவை உணர்வதற்காகப் படலத்தை ஒட்டி வைக்கும் இன்னொரு தகடு தேவையில்லை. இடுக்கில் சிக்கும் காற்று உண்டாக்கும் இரைச்சலும் குறைகிறது.

இதை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் மாடியில் எடுத்த பதிவுகளைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் கேப்சூல் எண்ணையும் அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள்: 20 டிகிரியில் அதே 3 சாம்பிளுக்கு இடைவெளி 10.7 மி.மீ.