கேமுக்கும் படிப்புக்கும் ஒரே மெஷின்: விலை பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கேம் ஆடவும் காலேஜ் வேலை பார்க்கவும் ஸ்டீம் மெஷின், ஸ்டீம் டெக் போன்ற ஒரே மெஷின் போதும் என்ற பேச்சு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளிலும் இப்போது நடக்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் பலரும் அதன் விலையை சோனியின் பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல் (கேமுக்கென்றே உள்ள பெட்டி) விலையோடு ஒப்பிட்டு, "இது ஏன் இவ்வளவு அதிகம்?" என்று கேட்கிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலருக்கு விற்றது. அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், தயாரிப்புச் செலவே 800 டாலரைத் தாண்டும் என்று கணக்குச் சொன்னது. கேம் விற்க விற்க வரும் பங்கில் நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்பதுதான் கன்சோல் வியாபாரம். அந்த மெஷினில் அப்போது விண்டோஸ் போன்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸும் போட முடிந்தது. அமெரிக்க விமானப்படை சுமார் 1,700 பிளேஸ்டேஷன்களை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அதனால் சோனிக்கு கேம் விற்பனை ஏது? 2010 ஏப்ரலில், பாதுகாப்பைக் காரணம் காட்டி, லினக்ஸ் போடும் வசதியை அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள்.

முழு டெஸ்க்டாப்பாகத் திறந்து விட்ட மெஷினை நஷ்டத்துக்கு விற்பது கஷ்டம். வாங்கியவர் ஒரு கேம்கூட வாங்காமல் ஆபீஸ் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷினை அறிவித்த வால்வ் நிறுவனம் (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்துவது), அதே திறனுள்ள பிசியின் விலையை ஒட்டியே இருக்கும் என்று சொன்னதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 5 மலிவாகத் தெரிகிறதே என்று அதை வாங்கி கீபோர்டு மாட்டினாலும் அது கம்ப்யூட்டர் ஆகாது. அதில் பிரவுசர் ஆப்கூடக் கிடையாது.

டாலர் விலையை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பது அடுத்த தவறு. அமெரிக்கக் கடை விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. நம்மூர் எம்.ஆர்.பி.யில் ஜி.எஸ்.டி.யும் இறக்குமதிச் செலவும் அடக்கம். 2022இல் 399 டாலருக்கு வந்த ஸ்டீம் டெக்கை (கையில் பிடித்து ஆடும் கேம் கம்ப்யூட்டர்) வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. பர்மா பஜார் பக்கம் யாராவது கொண்டுவந்து தரலாம். பில் என்ன, பழுதானால் யார் பொறுப்பு என்று அதே இடத்தில் கேட்டுவிடுங்கள். கம்பெனி வாரண்டி இல்லாத மெஷினுக்கு வாரண்டி உள்ளதன் விலையைக் கொடுக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் இரும்பே துருப்பிடிக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பெட்டி விலையோடு கணக்கு முடிவதுமில்லை. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் வேண்டும். ஸ்டீம் டெக்கில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட்தான், ஆகவே கூடுதல் போர்ட்டுகள் தரும் டாக்கும் வேண்டும். அந்த 399 டாலர் மாடலில் இருந்த சேமிப்பு இடம் வெறும் 64 ஜிபி. பெரிய கேம் ஒன்றுக்கே அது பத்தாமல் போகலாம். டெக்கில் சேமிப்புக்கான எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம், ரேமை மாற்ற முடியாது, போர்டோடு ஒட்டியிருக்கும்.

நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது சாஃப்ட்வேரை. ஸ்டீம் மெஷின், ஸ்டீம் டெக் இரண்டிலும் வரும் ஸ்டீம் ஓஎஸ் என்பது லினக்ஸ். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், ஆன்லைன் வகுப்பு, கோடிங் எல்லாம் தாராளமாக நடக்கும். ஆனால் பி.காம். படிக்கும் பிள்ளைக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வேண்டும், அது விண்டோஸுக்கானது. நண்பர்களோடு வாலரண்ட் என்ற ஆன்லைன் கேம் ஆட நினைத்தால் அதுவும் லினக்ஸில் ஓடாது. பிறகு விண்டோஸ் போடத்தான் போகிறீர்கள் என்றால், அந்த லைசென்ஸ் காசையும் இன்றே விலையில் சேருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் அசெம்பிள்டு பிசி கொட்டேஷனோடு ஒப்பிடும்போதும் இதைப் பாருங்கள். பல கொட்டேஷன்களில் ஒரிஜினல் விண்டோஸ் இருக்காது, அதனால்தான் தொகை குறைவாகத் தெரியும். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால் பழைய யூடியூப் வீடியோ சொல்லும் பட்ஜெட்டும் உதவாது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். இரண்டு மூன்று கடைகளில் அன்றைய விலையை எழுதி வாங்குங்கள்.

அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் நல்ல நிலையில் இருந்தால், ஒரே மெஷின் என்ற தேவையே இல்லை. அசைன்மென்ட் அதில் ஓடட்டும். கேமுக்குக் கன்சோல் மட்டும் வாங்கினால் செலவு குறையவும் கூடும். ஆனால் கன்சோலில் கேமின் விலையும் ஆன்லைன் சந்தாவும் வருடா வருடம் வரும். மூன்று வருடத்துக்கு அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு எது வேண்டுமென்று முடிவு செய்யுங்கள்.