பாதி டப்பா லின்சீட் ஆயிலும் காயாத தேக்குக் கதவும்

புதுச்சேரியில் மரவேலை பழக வருகிறவர்கள் மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, வைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மூடியை இறுக்குவது, அடுப்பருகே வைக்காமல் இருப்பது எல்லாம் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

கெட்டியான எண்ணெயில் டர்பன்டைன் ஊற்றுவது

முத்தியால்பேட்டையில் ஒரு தம்பி, பழைய வீட்டின் தேக்குக் கதவுக்குப் பாதி டப்பாவில் கிடந்த பாயில்டு லின்சீட் ஆயிலை எடுத்தார். கெட்டியாக இருந்ததால் டர்பன்டைன் கலந்து பூசிவிட்டார். வாரக்கணக்கில் கதவு பிசுபிசுத்தது, தெருப்புழுதியெல்லாம் அதில்தான். அப்புறம் தின்னர் போட்டுத் துடைத்து, சுரண்டி, உப்புத்தாள் தேய்த்தார்கள். செதுக்கு வேலைக்குள் புகுந்ததை எடுக்கவே முடியவில்லை. புது எண்ணெயின் விலையைவிடக் கூலி பல மடங்கு. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

லின்சீட், டங் ஆயில் (டங் மரக்கொட்டை எண்ணெய்) போன்றவை ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. பாதி காலியான டப்பாவுக்குள் நிற்கும் காற்றே அந்த வேலையைத் தொடங்கிவிடும். பாயில்டு வகையில் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலர்த்திகள் சேர்ப்பதால் இன்னும் வேகம். தகரக் கூரைக்குக் கீழே அக்னி நட்சத்திரச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிணைந்ததை டர்பன்டைன் பிரிக்காது, நீர்க்க மட்டுமே செய்யும். அந்த எண்ணெய் மரத்துக்குள் சரியாக இறங்காமல் மேலேயே தங்கிவிடும்.

திறக்காத டப்பா நிழலில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். திறந்தபின் கணக்கு உள்ளே எவ்வளவு காற்று நிற்கிறது என்பதில்தான். அதனால் மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி வையுங்கள். பாட்டில் பெரிதென்றால் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றுங்கள். திறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். கடல்காற்றில் தகர டப்பா துருப்பிடிக்கும், அதற்கும் பாட்டிலே நல்லது.

சந்தேகமா? கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவுங்கள். பாயில்டு ஆயில் ஓரிரு நாளில் காய வேண்டும், மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கலாம். அதற்கும் மேல் ஒட்டினால் கதவுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உலர்த்தி சேர்க்காத பச்சை லின்சீட் இயல்பாகவே பல நாள் எடுக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எண்ணெய் மேலே ஆடை கட்டியதும் முழுவதையும் கொட்டுவது

வேண்டாம். ஆடையை வெட்டி எடுத்து, கீழே இருப்பது தண்ணியாக இருந்தால் துணியில் வடிகட்டி, அதே கண்ணாடிச் சோதனை.

லின்சீடுக்குப் பதில் தேங்காய் எண்ணெயால் சமாளிப்பது

அது காயவே காயாது.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடுவது

துணியிலுள்ள எண்ணெய் இறுகும்போது எழும் சூடு மடிப்புக்குள் சிக்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைத்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.